நான்காம் வரிசையின் நல்ல போர்டு

நிலவில், பிறைநகர் நான்காம் வரிசையில் வீடுகள் நூற்றுப்பன்னிரண்டு. நல்ல ஃபியூஸ் போர்டு ஒன்றே ஒன்று. ஆண்டுச் சோதனை நாளில் அது குளியல் துண்டில் சுற்றப்பட்டு, கைக்குழந்தை மாதிரி வீடு வீடாகப் போய்வரும். முன்வாசலில் சோதனை இயந்திரம் ஒரு வீட்டுக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்வழியாகப் போர்டு அடுத்த வீட்டுச் சுவரில் ஏறிவிடும். கழற்றி மாட்ட இரண்டே நிமிடம். இந்த ஒரு காரியத்தில் மட்டும் நம் ஜனங்களின் ஒழுங்கைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! போலீஸைக் கண்டதும் ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றிய பரம்பரை அல்லவா?

மற்ற போர்டுகளுக்கெல்லாம் அறுபது வயது. பீங்கான் கட்டைக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்க வேண்டும். மின்சாரம் மிகுந்தால் தான் உருகி வீட்டைக் காப்பது அதன் வேலை. சும்மா சும்மா உருகுகிறதே என்று ஒருவர் ஸ்பூன் காம்பைச் செருகியிருந்தார், இன்னொருவர் ஆணியை. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் தவறாமல் வைத்தார்கள். மூடிய வீட்டுக்குள் மூச்சுப்பொறி ஊதும் உயிர்வளியில் ஒரு தீப்பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்து என்ன?

சுகந்திக்கு மட்டும் அந்தப் பயம் விடவில்லை. அவள் கணவன் எழில்வாணன் நாலு புரிக் கம்பியைத் திரித்துக் கட்டையில் முறுக்கிவிட்டுச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். போர்டு இருந்த சுவர் தோசைக்கல் போலச் சுட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் இரண்டு வயது இனியாளின் கட்டில். அந்த வீட்டில் வேறு சுவர் ஏது?

வரிசைச் சங்கச் செயலாளர் மாசிலாமணி துண்டோடு வந்தபோது, அவள் கதவை மறித்து நின்றாள்.

"வேண்டாம் சார். எங்க போர்டையே காட்டப்போறேன்."

"என்னம்மா விளையாடுறியா? ஃபெயில் போட்டுக் கரண்டைப் பிடுங்கிடுவான்."

"பிடுங்கட்டும். முப்பது நாள்ல அவங்களே புதுப் போர்டு மாட்டணும்னு சட்டம் இருக்கு."

"முப்பது நாள் பொதுக்கூடத்துல பாயை விரிச்சுப் படுப்பியா? கைக்குழந்தையை வச்சுக்கிட்டு?"

"குழந்தைக்காகத்தான் சார்."

"எக்கேடோ கெட்டுப் போ. இந்த வரிசை மானத்தை வாங்கணும்னே வந்து சேர்ந்திருக்க!" என்று மாசிலாமணி போர்டை அணைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார். அவருக்கு நேரமாகிவிட்டது.

சோதனை இயந்திரத்தின் பெயர் சோதகன். பொய் சொல்லத் தெரியாதபடி செய்யப்பட்டது. உள்ளே வந்து சுகந்தியின் போர்டைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

"இன்று நான் பார்க்கும் இரண்டாவது போர்டு இது" என்றது.

சுகந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ மத்த வீட்டுலயெல்லாம் ஒரே போர்டுதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா. எண் ஒன்றேதான். ஆனால் அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை."

அவள் வீட்டுக்குத் தேறவில்லை என்று எழுதி, மின்சாரத்தைத் துண்டித்து, சீல் வைத்துவிட்டுப் போனது. அந்த ஆண்டு நான்காம் வரிசையில் தேறாத வீடு அது ஒன்றுதான். பொதுக்கூடத்துக்குப் பாயோடு போனவளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நல்ல புத்திசாலிகள்.

பத்தொன்பதாம் நாள் பட்டப்பகலில், ஸ்பூன் காம்பு செருகிய வீடு பற்றிக்கொண்டது. தீ பன்னிரண்டு வீடுகளைத் தின்றது. பூட்டிக் கிடந்த சுகந்தியின் வீடும் அதில் ஒன்று. பெரியவர்கள் சுரங்கத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருந்ததால் உயிர்கள் பிழைத்தன.

விசாரிக்கப் பூமியிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து விருந்தினர் மாளிகையில் இறங்கினார்கள். பூமியிலிருந்து வந்தவர்கள் என்றால் சும்மாவா? சாம்பலை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே கோப்பைத் திறந்தார்கள். நூற்றுப்பதினொரு வீடுகளுக்குச் சான்றிதழ் இருந்தது. ஒன்றுக்கு இல்லை.

"கெட்ட போர்டாலதான் தீ பிடிக்கும். இந்த வரிசையில கெட்ட போர்டு இருந்தது உங்க வீட்டுல மட்டும்தானேம்மா?" என்றார் தலைமை அதிகாரி.

"ஐயா, என் வீட்டுல கரண்டே இல்லையே! சீல் வச்சுப் பத்தொன்பது நாளாச்சு!"

"அது இருக்கட்டும். சான்றிதழ் இருந்ததா, இல்லையா?"

சுகந்திக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "உங்க சோதகனையே கூப்பிட்டுக் கேளுங்க ஐயா. அது பொய் சொல்லாது."

சோதகன் வந்தது. "நூற்றுப்பதினொரு வீடுகளிலும் நான் கண்டது ஒரே போர்டுதான்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னது.

தலைமை அதிகாரி முகம் மலர்ந்து சக அதிகாரிகளைப் பார்த்தார். "கேட்டீங்களா? அத்தனை வீட்டுலயும் ஒரே தரம்! வரிசைன்னா இப்படி இருக்கணும்."

தீக்குக் காரணம் சுகந்தியின் வீடு என்று தீர்ப்பானது. குழந்தை இருப்பதால் இரக்கப்பட்டு, ஏழாம் வரிசையில் ஒரு பழைய வீடு ஒதுக்கினார்கள். அங்கேயும் அதே அறுபது வயதுப் போர்டு. நாளைக்குச் சோதனை, சான்றிதழ் காட்டினால் சாவி, இல்லையென்றால் பொதுக்கூடமே கதி. புதுப் போர்டு கேட்டதற்கு, தீ வைத்தவளுக்குப் போர்டு வேறா என்றார்கள். பொதுக்கூடத்தின் நெரிசலில் இனியாளுக்கு இருமல் கண்டு, நெஞ்சு கரகரத்துக்கொண்டிருந்தது.

சுகந்தி அன்று பகல் முழுக்க யோசித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணியின் வீட்டுக்குப் போய் நின்றாள். இப்படி வந்து நிற்க அவளுக்குக் கூசியது. குழந்தையின் இருமல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"சார், அந்த போர்டு... நாளைக்கு ஒரே ஒரு பத்து நிமிஷம் தாங்க."

மாசிலாமணி அவளைத் திட்டவில்லை. ஏளனமும் செய்யவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா? நாளைக்கு விருந்தினர் மாளிகையிலயும் சோதனையாம். அந்த மூணு அதிகாரிங்களும் காலையிலயே ஆள் அனுப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"