குஞ்சுகள் பார்த்த முகம்

குருணையைத் தட்டில் போட்டு வளர்மதி எத்தனை தடவை "பா... பா..." என்று கூப்பிட்டாலும் வாத்துக்குஞ்சுகள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவளும் பல்பு எரியும் பெட்டியில் முட்டைகளை வேளை தவறாமல் திருப்பிவிட்டு, பெற்ற பிள்ளையைப் போலத்தான் காத்தாள். குஞ்சுகளுக்கோ அவள் யாரோ.

பாடாலூரிலிருந்து கூஸ் வாத்து முட்டை கொண்டுவந்து கொடுத்த சின்னதுரை அப்போதே சொல்லியிருந்தார். "பொரியுற அன்னிக்குப் பக்கத்துலயே இருங்கம்மா. கண்ணு முழிச்சதும் யாரைப் பாக்குதோ, அவுங்கதான் அதுக்கு அம்மா. அவுங்க பின்னாடியேதான் போவும்."

அவளால் இருக்க முடியவில்லை. நான்கு வயது மகள் சிவரஞ்சனிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கணவன் அறிவரசன் சிமெண்ட் லாரியோடு கேரளா போயிருந்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தபோது குஞ்சுகள் பொரிந்து, ஈரம் காய்ந்து, பெட்டிக்கு வெளியே வரிசையாக நின்றன. பெட்டியின் மூடி ஒழுங்காகச் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை. ஈரச் சுண்ணாம்புக்கல்லின் வாடை மட்டும், கொல்லைக்குப் பின்னால் கைவிடப்பட்ட குவாரிக் குழியில் மழைத்தண்ணீர் தேங்கினால் வருமே, அந்த வாடை, அடுப்பங்கரை வரைக்கும் நின்றது.

அன்று முதல், விளக்கு வைக்கும் நேரமானால் குஞ்சுகள் குவாரிப் பக்கத்து வேலிக்கு ஓடும். அங்கிருந்து வரிசை கட்டித் திரும்பும். முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் யாருடைய காலையோ ஒட்டி நடப்பது போல, கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியருகே சட்டென்று நின்று, கழுத்தை அண்ணாந்து உயரத்தில் எதையோ பார்த்துக் கீச்சிட்டு, மறுபடி நடக்கும். முதல் நாள் தொட்டியோடு திரும்பிவிட்டன. மறுநாள் பின்வாசல் வரை வந்தன. அதற்கடுத்த நாள், மறுபடி காய்ச்சல் ஏறி மயங்கிக் கிடந்த சிவரஞ்சனியின் கட்டிலருகே வந்து நின்றன.

தலைமாட்டில். அண்ணாந்தபடி.

 வளர்மதி அங்கேயே நின்று சின்னதுரைக்குப் போன் போட்டாள். "நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. எனக்கு வேணாம்."

மறுநாள் பொழுது சாயும் வேளையில் சின்னதுரை வந்தார். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். முன்வாசலில் கூடையை வைத்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டார்கள். குஞ்சுகள் வீட்டுக்குள் பார்த்துப் பார்த்துக் கத்தின.

"குஞ்செல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு?"

"இருக்கட்டும்ண்ணே. எம்புள்ளைக்கு ஆவல."

வண்டி தெருமுனை திரும்பியதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா, தொல்லை விட்டது. உள்ளே போகத் திரும்பியபோது, படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றுவிட்டாள்.

இனிமேல் அது எங்கே நிற்கிறது என்று காட்ட ஒரு குஞ்சுகூட இல்லை.

ஓடினாள். கட்டில் காலி. தலையணை வேர்வையில் நனைந்திருந்தது. காய்ச்சல் விட்டிருக்கிறது. பிள்ளை கண் விழித்திருக்கிறாள்.

அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

சுண்ணாம்பு வாடை. பின்கதவு திறந்து கிடந்தது.

கொல்லையில் சிவரஞ்சனி நடந்துகொண்டிருந்தாள். கறிவேப்பிலை மரத்தைச் சுற்றினாள். தொட்டியருகே சட்டென்று நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாள்.

"ரஞ்சனீ!"

பிள்ளை திரும்பினாள். பெற்றவளை மேலும் கீழும் பார்த்தாள். பயந்து ஓரடி ஒதுங்கி, மறுபடி உயரத்தில் முகத்தைத் தூக்கினாள்.

"அம்மா, இவுங்க யாரு?"

பிறகு ஒரு கையை மேலே நீட்டினாள். விரல்கள் எதையோ இறுகப் பற்றின. குவாரிப் பக்கத்து முள்வேலி அவளுக்கு முன்னால் மெல்ல விலகியது.