துர்க்குவில் காணாமற்போன கடோலினியம்

காலை எட்டு மணி. துர்க்கு நகரத்து ரசாயன அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த கடோலினியக் கட்டியைக் காணவில்லை. கட்டைவிரல் பருமன், வெள்ளிப் பளபளப்பு. கரிய கல் ஒன்றில் புதுப்பொருளைக் கண்டுபிடித்த உள்ளூர் வாத்தியாரின் பெயரைத் தாங்கிய அபூர்வ உலோகம். ஊருக்கே அதில் கர்வம் உண்டு.

இன்ஸ்பெக்டர் ஹில்க்கா வந்தபோது, காப்பாளர் சான்டெல் வாக்குமூலத்தை எழுதியே வைத்திருந்தார். பெருக்கித் துடைக்கும் சைமி கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. அவள் பேனாவைத் தொடவில்லை.

"எடுத்திருந்தா போடுவேன். எடுக்கல, போடமாட்டேன். ஜெயில்ல வச்சாலும் திருடின்னு என் கையால எழுதித் தரமாட்டேன்."

"வாய்க் கொழுப்பைப் பாத்தீங்களா, இன்ஸ்பெக்டரம்மா?"

ஹில்க்காவுக்கு அந்த வாய் பிடித்துப் போயிற்று. மதியத்துக்குள் சைமியை உள்ளே தள்ளச் சொல்லியிருந்தார் மேலதிகாரி, சான்டெலின் சீட்டாட்டக் கூட்டாளி. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கட்டியைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. இதே இடத்துல காந்தத்தை வச்சுப் பாத்தேன், ஒட்டல. அசல்தான்னு பூட்டிட்டு, சாவியை இவகிட்ட குடுத்தேன்."

"ஒட்டவே ஒட்டாதா?"

"ஜூன்ல வேலைக்குச் சேர்ந்தேன். கோடை பூரா உள்ளங்கையில வச்சு ஜனங்களுக்குக் காட்டியிருக்கேன். ஒட்டினதே இல்ல."

"வெளிய போறப்ப சோதனை உண்டா?"

"வாசல்ல எல்லார் பையையும் கொட்டிப் பாப்பாங்க. என்னோடதையும்தான்."

கூட்டம் வராத குளிர்காலத்தில் அங்கே கணப்பு மூட்டுவதில்லை. முந்தின நாள் மதியம் சைமி வைத்த வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. சன்னல் விளிம்புகளில் எல்லாம் ஒரு முழம் பனி. மூவரும் சான்டெலின் அறைக்குள் போனார்கள். அந்தச் சன்னலில் மட்டும் விரற்கடை அளவு. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பழைய படம். ஜனவரித் திறப்புவிழா, எல்லார் தலையிலும் ரோமத் தொப்பி. நடுவில் நின்றவர் லாடக் காந்தத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் நுனியில் அதே கட்டி தொங்கியது.

ஹில்க்கா திரும்பினாள்.

"சான்டெல், நேத்து அஞ்சு மணிக்கு நீங்க எதையும் சோதிக்கல. கட்டியை அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. பழியை இவ தலையில போடத்தான் சாவியைக் குடுத்தீங்க."

"என்ன உளறல் இது?"

"இந்த உலோகம் உள்ளங்கைச் சூட்டுல இருந்தா காந்தத்தை மதிக்காது. குளிர்ந்துட்டா இரும்பு மாதிரி ஓடிப் போய் ஒட்டிக்கும். உங்களுக்குத் தெரிஞ்சது கோடைக் கடோலினியம் மட்டும்தான். தண்ணி உறையற இந்தக் குளிர்ல வச்சுப் பாத்திருந்தா ஒட்டியிருக்கும்."

"அப்ப கட்டி எங்க? காட்டுங்க பாப்போம்."

ஹில்க்கா மேசைமேல் இருந்த லாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி சைமியிடம் கொடுத்தாள். "அவர் சன்னலுக்குக் கீழ பனியில விடுங்க. இந்த விளிம்புல மட்டும் பனி கம்மி, நேத்துத் திறந்திருக்கார். வாசல் சோதனைக்குப் பயந்து அந்த வழியாத்தான் வீசியிருப்பார்."

சைமி கயிற்றை இறக்கி, பனிக்குள் மெல்ல இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் 'டக்'கென்று சத்தம் வந்தது. காந்தத்தோடு கட்டியும் மேலே வந்தது.

அதை அவள் சான்டெலின் மேசைமேல் வைத்தாள். வாக்குமூலத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்க போடுங்க, ஐயா. பேரை மட்டும் மாத்தினாப் போதும்."