கப்பல் மாமாவின் ஹவாய்

சல்லடைக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அம்மாதான். யார் என்ன சொன்னாலும் அவள் அப்படியே நம்பிவிட மாட்டாள், சலித்துப் பார்ப்பாள். "பால் பொங்கிடுச்சு" என்று யாராவது கத்தினால்கூட, அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் "ஆமா" என்பாள்.

பதினொரு வயதிலேயே, சந்தேகங்களை எழுதுவதற்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் பாதிப் பக்கங்கள் அவளுடைய தங்கை பட்டாணியைப் பற்றியவை. மீதி, நாலாவது மாடி மைக்கைப் பற்றியவை. மைக் ரகசியம் பேசினால் தரைத்தளத்தில் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர்கள் இருந்த நாலு மாடிக் கட்டடத்தில், ஒவ்வொரு நீண்ட விடுமுறையின் முடிவிலும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு விருந்து வைப்பார்கள். போன தடவை பேய் விருந்து வைத்தார்கள். இரண்டாவது மாடிக் குழந்தை மூன்று நாள் அழுதது. எனவே, இந்தத் தடவை யாரும் அழாத விருந்தாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"ஹவாய் விருந்து!" என்றான் மைக். "தீவு! கடல்! அன்னாசிப்பழம்!"

"உங்க அத்தை வாங்கித் தந்த பூப்போட்ட சட்டையைப் போடணும். அதானே?" என்றாள் சல்லடை.

மைக்கின் காது சிவந்துபோனது. ஆனாலும் யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. சமையலுக்கும் அலங்காரத்துக்கும் சல்லடை, மைக், பட்டாணி மூவரும் பொறுப்பு என்று முடிவானது.

"ஹவாய்ல என்ன சாப்பிடுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் பட்டாணி.

"கப்பல் மாமாவுக்கு!" என்று மைக் போட்ட கூச்சலில் படிக்கட்டுப் பூனை எழுந்து ஓடியது.

கப்பல் மாமா தரைத்தளத்தில் சலவைக்கடை வைத்திருந்தார். அதற்கு முன்பு பதினொரு வருடம் ஒரு பெரிய பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவர். கடைச் சுவரில் அந்தக் கப்பலின் படம் மாட்டியிருக்கும். கப்பலில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. கேப்டனுக்கு அடுத்த நாற்காலி அவருடையதுதான் என்பது மைக்கின் முடிவு.

மூவரும் கடைக்குள் போனபோது, மாமா ஒரு பெரிய படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு உதறல், மூன்று மடிப்பு, விரிப்பு ஒரு புத்தகம்போல ஆகிவிட்டது.

"ஹவாய் சாப்பாடா?" மாமாவின் முகம் மலர்ந்தது. "அன்னாசிப்பழம் இருக்கணும். தேங்காய்ப்பால்ல செஞ்ச இனிப்பு இருக்கணும், துண்டு துண்டா வெட்டி வைப்பாங்க. அப்புறம் சேப்பங்கிழங்கை வேகவச்சு, நல்லா இடிச்சு, கூழ் மாதிரி ஒண்ணு பண்ணுவாங்க. பேரு போய்."

"என்னது, பொய்யா?" என்று நிமிர்ந்தாள் சல்லடை.

"பொய் இல்லம்மா, போய்."

"எங்க போய்?" என்று கேட்டாள் பட்டாணி.

"எங்கயும் போக வேணாம். சாப்பாட்டுப் பேரே போய்தான்."

மைக் விழுந்து விழுந்து சிரித்தான். சல்லடை சிரிக்கவில்லை. "ருசி எப்படி இருக்கும் மாமா?" என்றாள்.

"லேசா இனிக்கும்."

"அங்க ரொம்ப வெயிலா?"

"கரையில வெயில். மலை உச்சியில பனி விழும்."

சல்லடையின் பேனா நின்றது. தென்னைமரம் நிற்கும் தீவில் பனியா? நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

"அலங்காரத்துக்கு மாலை கட்டுங்க. தீவுக்கு வர்றவங்க கழுத்துல பூமாலை போட்டுத்தான் கூப்பிடுவாங்க" என்றார் மாமா.

"உங்களுக்கும் போட்டாங்களா மாமா?"

மாமா சட்டென்று திரும்பிக்கொண்டார். "அடடா, இஸ்திரிப் பெட்டி காயுது. அப்புறம் வாங்க, பேசலாம்."

சல்லடை எட்டிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் கம்பி சுவரில் செருகப்படவே இல்லை. அதையும் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலடியில் வெட்டுத் துணிகள் குவிந்துகிடந்தன. அவற்றில் பூச்செய்து மாலை கோக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"அம்மா, கப்பல் மாமா ஹவாய்க்குப் போயிருப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

"ஏன்டி, அவர் மேல உனக்கு என்ன?"

"ஹவாய்ல பனி விழுதாம்."

அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தார். "சந்தேகம்னா போய்ப் பாரு. ஹவாய்க்கு இல்ல, நூலகத்துக்கு."

அடுத்த நாள் அவள் நூலகத்துக்குப் போவதற்கு முன்பு கடை வாசலில் நின்று, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள். "மாமா, அந்தப் போய் எப்படி ருசிக்கும்னு சொன்னீங்க?"

"புளிக்கும்" என்றார் மாமா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாட்டிக்கொண்டார்! நேற்று இனிப்பு, இன்று புளிப்பு! சல்லடைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரே ஓட்டமாக நூலகத்துக்கு ஓடி, தீவுகளைப் பற்றிய தடிமனான புத்தகத்தைப் புரட்டினாள்.

புத்தகம் சொன்னது இதுதான். ஹவாயின் உயரமான மலை உச்சிகளில் பனி விழும். போய் என்பது புதிதாக இடித்தபோது லேசாக இனிக்கும், இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் புளிக்கும்.

சல்லடை புத்தகத்தை மூடினாள். மறுபடி திறந்து பார்த்தாள். அது மாறவில்லை. அவளுக்குக் குழப்பம் தலைக்கு மேல் ஏறியது. மாமா சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. உண்மை சொல்கிறவர் எதற்காகத் திருட்டு முழி முழிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து, நோட்டை முதலிலிருந்து படித்தாள். வெட்டி வைப்பாங்க. இனிக்கும். பனி விழும். மாலை போடுவாங்க. எல்லாம் 'வாங்க' என்றோ 'உம்' என்றோதான் முடிந்தது. 'நான் சாப்பிட்டேன்', 'நான் பார்த்தேன்' என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஹவாயைப் பற்றிய அத்தனை பேச்சிலும் மாமாவைக் காணோம்!

'மாமா ஹவாய்க்குப் போனதே இல்லை' என்று எழுதினாள். இந்தத் தடவை மூன்று கோடு.

அன்று மாலை மைக் படிக்கட்டுச் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினான். 'ஹவாய் விருந்தில் கப்பல் மாமா ஹவாய் பற்றிப் பேசுகிறார்! கேள்விகளோடு வாருங்கள்!' என்று சிவப்பு எழுத்தில் மின்னியது.

"மாமாகிட்ட கேட்டியாடா?" என்றாள் சல்லடை.

"எதுக்குக் கேக்கணும்? சந்தோஷப்படுவார்!"

அப்போது மாமா கடையைப் பூட்டிவிட்டுப் படியேறி வந்தார். தாளைப் படித்தார். கைப்பிடிச் சுவரை ஒரு முறை பிடித்துக்கொண்டு, மெதுவாக மேலே தன் வீட்டுக்கு ஏறிப் போனார்.

சல்லடைக்கு உள்ளுக்குள் குதியாட்டம். 'எல்லார் முன்னாலயும் கேட்பேன். ஹவாய் மணல் காலுக்கு எப்படி இருந்ததுன்னு கேட்பேன். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது.' அந்தக் கேள்வியை மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விருந்துக்கு முந்தைய நாள், வேலை தலைக்கு மேல் இருந்தது. அம்மா சேப்பங்கிழங்கை வேகவைத்தார். "நல்லா வேகலேன்னா நாக்கு அரிக்கும்" என்று எச்சரித்தார். மைக் பொறுமையில்லாமல் ஓரத்துத் துண்டு ஒன்றை வாயில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். அவன் வாழ்நாளிலேயே அமைதியாக இருந்த அரை மணி நேரம் அதுதான். பட்டாணி துணிப்பூக்களைக் கோத்தாள். பெரிய பிள்ளைகள் முற்றத்தில் தார்ப்பாய் விரித்து, பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் கொத்தனார் கொடுத்த இரண்டு மூட்டை மணலைச் சலித்துக் கொட்டினார்கள்.

கடல் வேண்டும் என்று மைக் சைகையால் காட்டினான். நீல விரிப்பு கேட்பதற்காகச் சல்லடை சலவைக்கடைக்குப் போனாள். பாதி இழுத்த கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'இரண்டு நாள் கடை விடுமுறை.'

உள்ளே மாமா ஒரு பையில் சட்டைகளை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போறீங்களா மாமா? நாளைக்கு விருந்து!"

"அக்கா வீட்டுல ஒரு வேலை. அவசரம்" என்றார் மாமா. ஆனால், அவர் மடித்த சட்டை கோணலாக இருந்தது. அவர் கையால் ஒரு துணி கோணலாக மடிவதை அவள் பார்த்ததே இல்லை.

'பிடிச்சிட்டேன்' என்று நினைத்தாள் சல்லடை. ஆனால், எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை.

"மாமா," என்றாள் மெதுவாக, "நீங்க ஹவாய்ல இறங்கினதே இல்ல, அப்படித்தானே?"

மாமா பையை வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு தடவை கப்பல் அங்க நின்னுச்சும்மா. நாலு தடவையும் நான் அடித்தளத்துல இருந்தேன். கப்பல்லயும் எனக்கு இதே வேலைதான், சலவை. பயணிகள் எல்லாரும் இறங்கிட்டா, மொத்தக் கப்பலோட விரிப்பையும் மாத்தணும். ரெண்டாயிரம் விரிப்பு. அன்னைக்குத்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது."

"ஒரு தடவைகூடவா விடல?"

"ஒரு தடவை விட்டாங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டு இறங்குற ஏணி வரைக்கும் போயிட்டேன். எந்திரம் பழுதாயிடுச்சுன்னு கூப்பிட்டாங்க. திரும்பிட்டேன்." மாமா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்வளவு பெரிய வட்டக் கண்ணாடி ஒண்ணு இருந்துச்சு. அது வழியா ஒரு பச்சை மலை தெரியும். மத்ததெல்லாம் சமையக்காரர் இறங்கிப் போயிட்டு வந்து சொன்னது."

"அப்போ போயிருக்கேன்னு ஏன் சொன்னீங்க?"

"நான் சொல்லவே இல்லம்மா. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. இல்லைன்னும் நான் சொல்லல. அதுதான் என் தப்பு. கேப்டனுக்கு அடுத்த ஆள்னு அந்தப் பையன் ஊரெல்லாம் சொன்னப்போ, கேட்க நல்லாதான் இருந்துச்சு."

சல்லடை அவர் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு கேட்டாள். "நடுக்கடல்ல துணி துவைக்கிறப்போ, புயல் வந்தா என்ன ஆகும்?"

மாமா நிமிர்ந்தார். "என்ன ஆகுமா? ஒரு தடவை நுரை பொங்கி, நாங்க இடுப்பு வரைக்கும்..." சொல்லத் தொடங்கியவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கேட்கக் கேட்க, சல்லடைக்கு வாய் மூடவில்லை.

"மாமா, நாளைக்கு இதைச் சொல்லுங்க. ஹவாய் வேணாம், இதைச் சொல்லுங்க."

"சலவைக் கதையை யாரும்மா கேட்பாங்க?"

"நான் கேட்டுட்டு நிக்கிறேனே! எனக்கு லேசுல எதுவும் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

மாமா எழுந்து போய், கதவில் தொங்கிய அட்டையைக் கழற்றினார்.

சல்லடை நேராகப் படிக்கட்டுக்குப் போனாள். தாளில் 'ஹவாய் பற்றி' என்று இருந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, 'கப்பல் பற்றி' என்று எழுதினாள்.

"ஏன் மாத்துற?" நாக்கு சரியாகிவிட்ட மைக் கத்தினான்.

"மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் மாத்துறேன். நீ அதைச் செய்யல" என்றாள் சல்லடை.

மறுநாள் முற்றம் நிறைந்துவிட்டது. நீல விரிப்புகள் அலைபோல நெளிந்தன. தட்டுகளில் அன்னாசித் துண்டுகளும் தேங்காய்ப்பால் இனிப்பும் அடுக்கியிருந்தன. சாம்பல் நிறப் போய் மட்டும் ஒரு கிண்ணத்தில் தனியாக இருந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் எல்லாரும், தங்களுக்குப் பசியில்லை என்றார்கள்.

மாமா முன்னால் வந்து நின்றார். சல்லடை முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். "மாமா, பயணிகளோட விரிப்புக்குள்ள என்னென்ன கிடைச்சிருக்கு?"

"முதல்ல ஒரு பல்செட்டு கிடைச்சுது" என்றார் மாமா. யாரோ சிரித்தார்கள். "அப்புறம் ஒரு உயிருள்ள நண்டு." இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

அறை அளவு பெரிய எந்திரங்களும், புயலில் உருண்ட சோப்பு மூட்டைகளும், நுரைக்குள் காணாமல் போன மேலாளரும் மாமாவின் கதையில் அடுத்தடுத்து வந்தார்கள். போன தடவை அழுத குழந்தைக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

அப்போது மைக் எழுந்தான். "மாமா! ஹவாய் மணல் காலுக்கு எப்படி இருக்கும்?"

சல்லடை சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அது அவளுடைய கேள்வி. அவள் கேட்காமல் விட்ட கேள்வி.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பார்த்தார். "தெரியாதுடா கண்ணு. நாலு தடவை கப்பல் நின்னுச்சு. நான் இறங்கினதே இல்ல. உள்ள துவைச்சுக்கிட்டு இருந்தேன்."



"இறங்கினதே இல்லையா?" மைக்கின் குரல் முதல் முறையாகச் சின்னதாக வந்தது. "அதுக்கென்ன மாமா, இப்போ இறங்குங்க!" என்றான் உடனே.

பட்டாணி இருப்பதிலேயே பெரிய மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மாமா குனிந்தார். மாலை ஒரு காதில் மாட்டிக்கொண்டு தொங்கியது. சல்லடை அதைச் சரிசெய்துவிட்டு, அவர் கையைப் பிடித்தாள். மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு காலை மணலில் வைத்தார். பிறகு அடுத்த கால்.

"எப்படி இருக்கு மாமா?"

மாமா விரல்களை மணலுக்குள் புதைத்துப் பார்த்தார். "கூசுதும்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"நானும்!" என்று மைக் செருப்பை உதறினான். அவன் பின்னால் பட்டாணி. அதற்குப் பின்னால் மொத்தக் கட்டடமும் செருப்பைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றது.

மாமா மாலையோடு மணல் நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொருவருக்காகக் கையை நீட்டினார். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க! எல்லாரும் இறங்கலாம், கரையில இடம் இருக்கு!"