டெய்லர் கடை முனையில் நின்ற அண்ணன்

எனக்கு ஓர் அண்ணன் உண்டு. அவனுக்கு இரண்டு சக்கரம், ஒரு விளக்கு, கரகரவென்று ஒரு ஹாரன். வயது இருபத்தெட்டு. அம்மா நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், பழையதாகவே வாங்கிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் அவன். எனக்கு வயது பத்து. என்னைவிட மூத்தவனைப் பெயர் சொல்லியா கூப்பிட முடியும்?

அண்ணன் பெட்ரோலோடு கொஞ்சம் ஆயிலையும் கலந்துதான் குடிப்பான். குடித்துவிட்டுப் பின்னால் புகை விடுவான். "டிங் டிங் டிங்" என்று அவன் சத்தம் கேட்டால், தெருக்கோடியில் இருப்பவர்கள்கூட மணி எட்டு என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த எட்டு மணிக்காகத்தான் நான் தினமும் எழுந்திருப்பதே. வீட்டில் இருக்கும்போது அம்மா பாதி தம்பிக்கு, மீதி அடுப்புக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்குக் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள். வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடும் நேரம் மட்டும்தான் அம்மா முழுசாக எனக்கு. வண்டிச் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டும். என் ரகசியம் எல்லாம் தெருவுக்கே தெரியும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

போன மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கு அப்பா அண்ணனுக்குப் பெயின்ட் அடித்தார். அப்பாவுக்கு வேலையே அதுதான். கையில் பிரஷ் இருந்தால், அசையாமல் நிற்கும் எதையும் விடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டேங்கையும் மூடியையும் வான நீலமாக்கிவிட்டார். துருப்பிடித்துக் கிடந்த அண்ணன் மாப்பிள்ளை மாதிரி பளபளத்தான்.

அந்த வாரமே அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

வீட்டிலிருந்து நன்றாகத்தான் கிளம்புவான். பள்ளிக்குப் பாதி வழியில் டெய்லர் கடை முனை வந்ததும் இருமுவான். அப்புறம் நின்றுவிடுவான்.

முதல் நாள் அம்மா டேங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு, ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஒரே உதை. அண்ணன் கிளம்பிவிட்டான்.

"பிளக்ல கரி. அவ்வளவுதான்" என்றாள் அம்மா.

மறுநாளும் அதே இடத்தில் நின்றான். டெய்லர் மாமா கழுத்தில் டேப்போடு ஓடி வந்தார். "பெட்ரோல் இருக்கா சிஸ்டர்?" என்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். பிறகு வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பத்து வரை எண்ணி நிமிர்த்தினார். ஒரே உதை!

"பாத்தீங்களா? சாய்ச்சா சரியாயிடும்" என்றார் மாமா. சட்டைக்குப் பொத்தான் தைப்பவர் வண்டியையும் சரிசெய்துவிட்டாரே என்று நான்கூடக் கை தட்டினேன்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார். அவரும் மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். பிளக்குக்குப் போகும் ஒயரை அழுத்திவிட்டார். ஒரே உதை!

"ஒயர் லூசு. இதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எது எப்படியோ, பெயின்ட் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு" என்றார் அப்பா. டேங்கில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

நான்காம் நாளும் நின்றதும் மெக்கானிக் அண்ணாவிடம் போனோம். அவருக்கு ஊரில் பெயர் 'ஓகே ஓகே'. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வார். மூடியைத் திறந்து பெட்ரோலைப் பார்த்து மூடினார். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தார். அதன் நுனியில் நீலமாக ஒரு பொறி சட்டென்று தாவியது.

"கரன்ட் நல்லா வருது. ஓகே ஓகே. கார்ப்பரேட்டர்ல அழுக்கு இருக்கும்" என்றார். அதையும் கழற்றிக் கழுவினார். கடை வாசலில் இரண்டு நிமிடம் உறும வைத்தார். அண்ணன் சிங்கம் மாதிரி உறுமினான்.

மறுநாள் காலை, அதே சிங்கம் டெய்லர் கடை முனையில் பூனையாகிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவும் மெக்கானிக் அண்ணாவும் வந்துவிட்டார்கள். டெய்லர் மாமாவோடு சேர்ந்து மூன்று பேரும் முனையில் நின்று வாதாடினார்கள்.

"ஒயர்தான்!"

"சாய்ச்சுப் பாருங்க சார்!"

"கார்ப்பரேட்டரை மறுபடி கழுவினா ஓகே ஓகே!"

ஒவ்வொருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அம்மா யார் பேச்சையும் கேட்காமல் உதைத்துக்கொண்டே இருந்தாள். "பெட்ரோல் நேத்துதான் ரொப்பினேன், யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள். பதினைந்து உதை. அண்ணன் அசைந்து கொடுக்கவில்லை. கட்டு மாற்ற வேண்டிய நோயாளி ஒருவர் காத்திருந்தார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்தது.

அப்போது தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "பெட்ரோல் இருக்காம்மா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் மூடியைத் திறந்தார். "அட, இருக்கே!" என்று மூடிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா கடைசியாக ஒரு உதை உதைத்தாள். டிங் டிங் டிங்!

"பாத்தீங்களா, ஒயர் தானா ஒட்டிக்கிச்சு" என்றார் அப்பா.

அன்று மாலை அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கண்ணு, திங்கக்கிழமைல இருந்து அம்மா ஆஸ்பத்திரி வேன்ல போறேன். வேன் ஏழு மணிக்கே வந்துடும். நீ ஸ்கூல் பஸ்ல போயிக்கோ."

"நானும் வேன்ல வரேன்."

"வேன்ல வேலை செய்யறவங்க மட்டும்தான் ஏறலாம்டா."

"அப்போ அண்ணன்?"

அம்மா என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். யார் யார் என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதினேன். அம்மா பிளக்கைத் துடைத்தாள். மாமா சாய்த்தார். அப்பா ஒயரை அழுத்தினார். மெக்கானிக் அண்ணா கார்ப்பரேட்டரைக் கழுவினார். எல்லாருக்கும் வண்டி கிளம்பியது. எல்லாரும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

கடைசியில் தபால்காரர் என்று எழுதிவிட்டு பென்சிலைக் கடித்தேன். அவர் என்ன செய்தார்? ஒன்றுமே செய்யவில்லை. மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

பென்சில் என் வாயிலிருந்து விழுந்தது. எல்லாருமே முதலில் அதைத்தானே செய்தார்கள்! வெள்ளிக்கிழமை திறக்காமல் உதைத்தது அம்மா மட்டும்தான். பதினைந்து உதையும் வீண்.

ஞாயிறு காலை அம்மாவிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவைம்மா. டெய்லர் கடை வரைக்கும். நின்னா நீ எதையும் தொடக்கூடாது. நான் சொல்றதை மட்டும் செய்யணும்."

"உத்தரவு, மகாராணி" என்று அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

முனை வந்தது. இருமல் வந்தது. அண்ணன் நின்றான். ஞாயிறு என்பதால் டெய்லர் கடை பூட்டியிருந்தது. நல்லவேளை, சாய்க்க ஆள் இல்லை.

"இப்போ மூடியை மட்டும் மெதுவா திற" என்றேன். காதை டேங்கின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..." அண்ணன் நீளமாக மூச்சை உள்ளே இழுத்தான்.

"மூடிட்டு உதைம்மா!"

ஒரே உதை. டிங் டிங் டிங்! அம்மா கண்ணை அகல விரித்தாள்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு அம்மா ஊசி போடும்போது நான்தான் பஞ்சு எடுத்துக் கொடுப்பேன். அந்த ஞாபகம் எனக்குச் சட்டென்று வந்தது.

"அம்மா, மருந்து பாட்டில்ல ஊசியைக் குத்தினதும் முதல்ல காத்தை உள்ள தள்ளுவியே, எதுக்கு?"

"எவ்வளவு மருந்து எடுக்கறமோ அவ்வளவு காத்து உள்ள போகணும். போகலைன்னா மருந்து வெளிய வராது, பாட்டிலே அதைப் பிடிச்சு..." அம்மா பாதியில் நிறுத்தினாள். டேங்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பெட்ரோலும் அப்படித்தானே! காத்து போக மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்குமே!"

இருவரும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஓட்டையைக் காணோம். வழுவழுவென்று வான நீலம்தான் இருந்தது.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். சிரித்து முடித்ததும் அம்மா பெருமூச்சு விட்டாள். "உங்கப்பா எவ்வளவு ஆசையா அடிச்சார்! அவராலதான்னு தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிடுவார். பேசாம நானே ஒரு ஊசியால குத்திடட்டுமா?"

"வேண்டாம்மா. அவர் அடிச்ச பெயின்ட்ல நாம கீறல் போட்டா அதுதான் கஷ்டம். நான் பேசறேன்."

வீட்டில் அப்பா பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மூடியையும் ஒரு ஊசியையும் அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பா, ஒரு உதவி. இதுல ஒரு பொடி ஓட்டை இருக்கணும். எங்களுக்குக் கண்டுபிடிக்க முடியலை. எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"ஓட்டையா? எதுக்கு?"

"அது வழியாத்தான் டேங்குக்குள்ள காத்து போகணுமாம். போகாததாலதான் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நிக்குது."

"பெயின்ட் அடிச்சதுக்கும் வண்டி நிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறியே!" என்று சிரித்த அப்பா, மூடியைக் கையில் எடுத்தார். விரலால் தடவினார். சிரிப்பு மெல்ல நின்றது. காது மடல் சிவந்தது.

"மூணு கோட்டு அடிச்சேன்" என்றார் மெதுவாக. "அப்போ... நானா?"

"உங்க வேலை அவ்வளவு சுத்தம்பா. காத்துகூட நுழைய முடியலை."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதலில் சிரித்தது அப்பாதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வாரம் பூரா ஒயரைக் குத்தம் சொல்லிட்டு இருந்தேனே!" என்றார்.

வெளிச்சத்தில் மூடியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே குத்தில் ஓட்டையைத் திறந்துவிட்டார். சுற்றிலும் பெயின்ட் ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. அவர் வேலை என்றால் வேலைதான்.

அப்பாவே வண்டியை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கும் நிற்கவில்லையாம். அம்மா போனை எடுத்தாள். "மேடம், நாளைக்கு வேன்ல எனக்கு இடம் வேண்டாம்" என்று அவள் சொன்னது என் காதில் தேனாய்ப் பாய்ந்தது.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கே கிளம்பினோம். முனையில் டெய்லர் மாமா வண்டியைச் சாய்க்கத் தயாராக நின்றார். நாங்கள் கையசைத்துக்கொண்டே போனதும், பாவம், அவர் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

பள்ளிக்கு வந்தால் வாசல் கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன்கூட இன்னும் வரவில்லை. தினமும் பாதி வழியில் நின்று பழகியதால், சீக்கிரமே கிளம்பும் வழக்கம் வந்துவிட்டது போலும்.

நான் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்ஜினை நிறுத்தவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு. ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்றாள்.

நான் எப்போதோ ஏறி உட்கார்ந்துவிட்டேன்.