அழுக்கைக் காணோம்!

“ஐயோ, அழுக்கைக் காணோமே!”

மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சில்லு நிமிர்ந்தாள். பேனாவைக் காணோம், செருப்பைக் காணோம் என்று கத்துபவர்கள் உண்டு. அழுக்கைக் காணோம் என்று யாரும் கத்தி அவள் கேட்டதே இல்லை.

சில்லு என்பது பட்டப்பெயர். வகுப்பிலேயே அவள்தான் உருவத்தில் சின்னவள். பள்ளி விட்டதும் நேராக இந்த ஆய்வகத்துக்கு வந்துவிடுவாள். அம்மா இங்கே துப்புரவு வேலை செய்கிறாள். மூன்று மாடி, முப்பத்தொரு அறை, ஒன்பது கழிப்பறை. எல்லாவற்றுக்கும் அம்மாவின் இரண்டு கைகள்தான்.

கத்தியது இரண்டாவது மாடி அக்கா. ‘குவாண்டம் பொருட்கள்’ என்று பலகை மாட்டிய அறையில் ஆராய்ச்சி செய்பவள். சாப்பிட மறப்பாள், குடையை மறப்பாள். ஆனால் அம்மாவைப் பார்த்தால் ஒரு வணக்கம் சொல்ல மறக்கமாட்டாள்.

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“என்னம்மா ஆச்சு?” என்றாள் சில்லு.

அம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள். “மெதுவா பேசு. அவங்க மேசையில சின்ன டப்பா ஒண்ணு இருந்துச்சு. மேல ‘அழுக்கு’ன்னு எழுதியிருந்துச்சு. பக்கத்துல இன்னொண்ணு, அதுல ‘சுத்தம்’னு இருந்துச்சு. நான் என்னடி செய்வேன்? அழுக்கைக் குப்பையில போட்டேன். சுத்தத்தைத் துடைச்சு வச்சேன்.”

சில்லுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

“சொல்லிடலாம்மா.”

“வாயைத் திறக்காதே! போன வருஷம் ஒருத்தி கண்ணாடிக் குழாய் ஒண்ணை உடைச்சா. மறுநாளே சூப்பர்வைசர் அவளை வேலையை விட்டு அனுப்பிட்டாரு. என்னையும் அனுப்பிட்டா அப்புறம் நாம...” அம்மா முடிக்கவில்லை.

அறைக்குள் அக்கா ஒரே இழுப்பறையை மூன்றாவது தடவையாகக் கொட்டிக் கவிழ்த்தாள். மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். தலைமுடியில் ஒட்டடையோடு வெளியே வந்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சில்லு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபது. ஐந்து மணிக்குக் குப்பை வண்டி வரும். அது போனபிறகு உண்மையைச் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எழுந்தாள். அம்மா கையைப் பிடிப்பதற்குள் அறைக்குள் போய்விட்டாள்.

“அக்கா, இங்க தேடாதீங்க. அது கீழே குப்பைக் கொட்டகையில இருக்கு.”

“என்னது!”

“அம்மாவைத் திட்டாதீங்க. ‘அழுக்கு’ன்னு எழுதி வச்சா, சுத்தம் பண்றவங்க வேற என்ன பண்ணுவாங்க?”

அம்மா வாசலில் வந்து நின்றாள். “நான்தான் மேடம் போட்டேன்,” என்றாள்.

அக்காவின் முகம் சிவந்தது. “எட்டு மாசம்! அடுப்புப் பக்கத்துலயே கிடந்து எட்டு மாசமா வளர்த்த படிகம்!” என்று கத்தினாள். பிறகு மேசையில் தனியாக இருந்த ‘சுத்தம்’ டப்பாவைப் பார்த்தாள். தன் கையெழுத்தையும் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

“அழுக்குன்னு நானே எழுதிட்டு அடுத்தவங்களைத் திட்டறேன் பாரு. வாங்க, ஓடுவோம்!”

மூவரும் படியில் இறங்கி ஓடினார்கள்.

“அழுக்கை எதுக்கு அக்கா வளர்த்தீங்க?” ஓடிக்கொண்டே கேட்டாள் சில்லு.

“போன் ரொம்ப நேரம் பார்த்தா சூடாகுதுல்ல? மின்சாரம் உள்ளே முட்டி மோதிப் போறதாலதான். முட்டாம போற பொருள் கிடைச்சா, சூடே ஆகாத கருவி செய்யலாம். எங்க படிகம் சுத்தமா இருந்தப்போ அந்த வேலையைச் செய்யல. வேணும்னே வேற உலோகம் ஒரு துளி கலந்தோம். அந்தத் துளியைத்தான் நாங்க செல்லமா அழுக்குன்னு சொல்லுவோம்.”

“நல்லா வச்சீங்க செல்லப்பேரு!” என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

கொட்டகையில் குப்பைப் பை கிழிந்து கிடந்தது. டப்பா கிடைத்தது. மூடியைக் காணோம். உள்ளே ஒன்றுமில்லை. அதில் இருந்தவை மூன்று கறுப்புப் படிகங்கள், ஒவ்வொன்றும் பென்சில் முனை அளவு. அவை மூன்று மாடித் தூசியோடும் மண்ணோடும் கலந்துவிட்டன.

அக்கா கைநிறையத் தூசியை அள்ளிப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு, எல்லாம் பொடி. “நாளைக்குக் காலையில அளக்கிற மிஷின்ல என் முறை,” என்றாள். “நாலு மாசம் காத்திருந்து கிடைச்சது. விட்டா அடுத்த வருஷம்தான்.”

சில்லு யோசித்தாள். அப்பாவுக்கு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. சக்கரத்துக்குள் இருக்கும் குட்டி இரும்புக் குண்டுகள் அடிக்கடி தரையில் சிந்திவிடும். அப்பா குனிந்து துழாவமாட்டார். டார்ச்சைத் தரையில் படுக்க வைத்து அடிப்பார். குண்டுகள் தாமே மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

“அக்கா, அந்தப் படிகம் வழவழன்னு இருக்குமா?”

“கண்ணாடி மாதிரி. ஏடு ஏடா உரியும்.”

“அப்போ லைட்டை அணைங்க. கதவைச் சாத்துங்க. போன் டார்ச்சைக் குடுங்க. அம்மா, குப்பையை மெல்லிசா பரப்பு!”

மூவரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். சில்லுவின் கையுறையில் விரல்கள் பாதி காலியாக ஆடின. அம்மா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பை உதறிப் போட்டு, தூசியைக் கொட்டி, துடைப்பத்தின் நுனியால் நான்கே இழுப்பு இழுத்தாள். தூசி மேடு பள்ளமில்லாமல் ஒரே சீராகப் படிந்தது.

அக்கா வாயைப் பிளந்தாள். “இப்படி ஒரே கனத்துல பரப்ப எங்க ஆய்வகத்துல பெரிய மிஷின் வச்சிருக்கோம்!”

“அந்த மிஷினுக்கும் இடுப்பு வலிக்குமா மேடம்?” என்றாள் அம்மா.

சில்லு வயிற்றுப்பக்கமாகப் படுத்து, டார்ச்சைத் தரையோடு பிடித்து, மெல்ல ஆட்டினாள். மண் மங்கலாகவே கிடந்தது. ஓரிடத்தில் பளிச்சென்று ஒரு மின்னல்.

அக்கா சட்டைப் பையிலிருந்த சின்ன இடுக்கியால் எடுத்தாள். “மிட்டாய்க் காகிதம்,” என்றாள்.

அடுத்த மின்னல் உடைந்த கண்ணாடி. அதற்கடுத்தது யாருடைய சட்டையிலிருந்தோ உதிர்ந்த பொத்தான். நேரம் நாலு ஐம்பது.

“அங்க!” என்றாள் சில்லு. ஒரு துளி வெளிச்சம் மின்னி அணைந்தது.

அக்கா அதை எடுத்துக் கண்ணுக்கருகில் கொண்டுபோனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “என் தங்கமே,” என்றாள். படிகத்தைச் சொன்னாளா, சில்லுவைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

கதவு படாரென்று திறந்தது. சூப்பர்வைசர்!

“இருட்டுல என்ன பண்றீங்க? வண்டி வந்து நிக்குது!” அம்மாவைப் பார்த்ததும் அவர் குரல் இன்னும் ஏறியது. “என்னத்தைத் தொலைச்சே?”

அம்மா வாய் திறந்தாள். அக்கா முந்திக்கொண்டாள்.

“தொலைச்சது நான் சார். பொருளுக்குத் தப்பான பேரு எழுதி வச்சது நான். தேடிக் குடுத்தது இவங்க ரெண்டு பேரும். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

சூப்பர்வைசர் மூவரையும் பார்த்தார். அக்காவின் முகமெல்லாம் தூசி. “படிச்சவங்க...” என்று ஏதோ முணுமுணுத்தபடி போய்விட்டார்.

அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் மாலை சில்லு வந்தபோது, அளக்கிற மிஷின் இருந்த அறையில் ஒரே கூட்டம். படிகம் காலையிலிருந்தே ஒரு பெரிய உலோகப் பீப்பாய்க்குள் குளிர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பனிமலையிலும் இல்லாத குளிராம் உள்ளே. குளிர் கூடக் கூட, திரையில் ஒரு கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சட்டென்று செங்குத்தாக விழுந்தது. அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“எவ்வளவு மேடம் வந்துச்சு?”

“பூஜ்யம், பூஜ்யம்!”

அம்மாவின் முகம் வாடியது. “இவ்வளவு பாடுபட்டும் பூஜ்யம்தானா? மனசைத் தளர விடாதீங்க மேடம். அடுத்த தடவை கொஞ்சமாவது வந்துடும்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “இந்தப் பூஜ்யத்துக்குத்தான் எட்டு மாசம் தூங்காம கிடந்தேன். மின்சாரத்துக்கு இருந்த தடை பூஜ்யம். முட்டல் இல்ல, மோதல் இல்ல, சூடு இல்ல.” பிறகு ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து, படிகத்தின் எண்ணுக்கு நேரே எழுதினாள்: ‘குப்பையிலிருந்து மீட்டவர்கள்: சில்லு, சில்லுவின் அம்மா.’

அம்மா அந்த வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் கடை வந்தது. அம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

“கேட்டீங்களா? எனக்கும் பொண்ணுக்கும் இன்னைக்குப் பூஜ்யம் வந்திருக்கு!”

கையில் சக்கரத்தோடு அப்பா திருதிருவென்று விழித்தார்.