பிடிமானம்

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பதுதான் அந்த மெக்கானிக்கின் பிழைப்பு. விலைக்கு ஒரு வண்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு அவன் அந்த வீட்டுக்குப் போனபோது, மாலை வெயில் இன்னும் மதிலைவிட்டு இறங்கவில்லை. வீட்டுக்கார அம்மாள் ஷெட்டைத் திறந்துவிட்டாள். தூசி நாற்றம் வரவேண்டிய இடத்தில், மழையில் நனைந்த தார்ச்சாலையின் வாடை வந்தது. தரையோ காய்ந்து கிடந்தது.

உட்கார்ந்து பார்த்தான். செயின் தளர்ந்திருந்தது. பின் பிரேக் தேய்ந்திருந்தது. சீட்டின் குறுக்கே ஓடும் வார் அறுந்து, நுனி மட்டும் தொங்கியது. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி இருந்தது.

"சின்னச் சின்ன வேலைதாம்மா. ஓட்டிக்கிட்டே போயிடுவேன்."

"கொண்டுபோங்க தம்பி. திருப்பி மட்டும் கொண்டுவந்துடாதீங்க."

"வித்த மாட்டுக்கு யாரும்மா கயிறு பிடிப்பா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வாசலறையில் அவள் கணவர், முதுகைச் சுவரோடு அழுத்தி உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் மெல்லச் சுவரைவிட்டு விலகி, பெருமூச்சு விட்டார். தலைச்சுமையை இறக்கி வைத்தவர் மூச்சு அது.

கடைத்தெரு தாண்டியதும் வண்டி பின்பக்கம் அழுந்தியது. மேட்டில் முக்கியது. திருப்பத்தில் இவன் சாய்ந்தபோது, ஒரு கணம் தாமதித்துப் பின்னாலும் ஏதோ சாய்ந்தது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சிக்னலில் நின்றான். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண்மணி இவன் முதுகுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்.

"தங்கச்சி, துணியை இழுத்துச் செருகிக்கம்மா. சக்கரத்துல மாட்டிக்கப் போகுது."

திரும்பிப் பார்த்தான்.

யாரும் இல்லை.

பெண்மணி இப்போது இவனை முறைத்தாள். "எப்படி நடுங்குது பாருங்க அந்தப் பொண்ணு. கொஞ்சம் மெதுவாத்தான் ஓட்டுங்களேன்."

வந்த வழியே வண்டியைத் திருப்பினான். மறுபடி திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

வீட்டு வெளிக்கதவு பூட்டியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாள் நின்றிருந்தாள். அவன் வருவான் என்று தெரிந்தே நின்றதுபோல் இருந்தது.

"யாரும்மா அது?"

"என் தங்கச்சி." குரல் அடங்கியிருந்தது. "ரொம்பக் கூச்சப்படுவா. அத்தான் மேல கை படக்கூடாதுன்னு எப்பவும் சீட்டு வாரைத்தான் பிடிச்சுக்குவா. அன்னைக்கு மழை. வார் அறுந்து நடுரோட்டுல விழுந்துட்டா. பின்னாலயே லாரி."

"அவருக்குத் தெரியலையா?"

"வீடு வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாராம், தம்பி." உதட்டைக் கடித்தாள். "அவளும் பதில் சொல்லிக்கிட்டே வந்தாளாம்."

தெருவில் காற்றே இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

உள்ளே இருட்டிலிருந்து அவள் கணவர் கிசுகிசுத்தார்.

"கதவைத் திறக்காதே."

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மெக்கானிக் நடந்தான். அடிக்கடி நின்று காது கொடுத்துக் கேட்டான். பின்னால் காலடி ஓசை இல்லை. வண்டி, நின்ற இடத்திலேயே நின்றது. பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. அந்த நெரிசல் அவனுக்கு ஆறுதலாக இருந்தது. விட்டது சனி என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டில் அவன் மனைவி சோற்றுத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க இது? இடுப்புல மட்டும் சட்டை ஈரமா இருக்கு?"

அன்று ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

சட்டையைத் தூக்கினான். இடுப்பின் இருபுறமும் மெல்லிய விரல்களின் தடங்கள், வெளுத்து, தோலில் அழுந்திக் கிடந்தன. கூச்சமெல்லாம் போய், உயிர்ப்பயத்தில் பற்றிக்கொண்ட விரல்கள்.

மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல. யாரோ..."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

பிடி இறுகியது.