நாற்காலிக்கு ஒரு தோல்

நேற்று மழுங்கச் சுரண்டிய ஆட்டுத்தோலில் மறுபடி மயிர் முளைத்திருந்தது.

ஓய்வுபெற்ற மேலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சுண்ணாம்பு நீரில் ஊறி மயிர் உதிர்ந்து, கருவேலம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் கிடந்து பழுப்பேறி, குளியலறைச் சுவரோரம் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்ட தோல். பதனிட்ட தோலில் மயிர் முளைக்காது. இது மூன்றாவது முறை. அதிலும் ஆடு கறுப்பு. முளைத்திருப்பதோ மெல்லிய நரை.

"இந்த வாட்டியும் ஊத்திக்கிச்சா?" வெளியே மனைவி.

"பாரம்பரிய முறைன்னா பொறுமை வேணும். நம்ம முன்னோர்கள்..."

"முன்னோருங்க பாத்ரூம்லயா ஊறப் போட்டாங்க? நான் குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போறேன். வாங்கிக் குடுத்த கையுறையாவது போட்டீங்களா?"

கையுறை ஆணியில் புதுமெருகோடு தொங்கியது. கையுறை போட்டால் அது பாரம்பரியமா? சுண்ணாம்பிலும் பட்டைச்சாற்றிலும் முழங்கை முங்க அளைந்து, 'மண்ணோடு பேசுகிறேன்' என்று ஊர் முழுக்க ஃபோட்டோ அனுப்பியவர் அவர்.

அதைப் பார்த்துச் சிரித்தவன் மனைவியின் தம்பி. 'சாவிக்கொத்து அளவுக்காவது ஒரு தோல் பண்ணுங்க அத்தான், பார்ப்போம்' என்று பத்துப் பேர் முன்னால் சொன்னான். இன்று மதியம் சாப்பிட வருகிறான். கூடத்து நாற்காலியில் இந்தத் தோலை விரித்து, அதன்மேல் அவனை உட்காரவைக்காவிட்டால் மேலாளர் இனி யார் முகத்தில் விழிப்பது?

வெளியே மழை. மின்சாரம் போயிருந்தது. சின்ன ஜன்னலில் கசிந்த சாம்பல் வெளிச்சத்தில், புளித்த பட்டையும் ஈரச் சுண்ணாம்பும் அதற்கடியில் தலையணை உறைபோல ஏதோ பழகிய வாடையும் மூக்கில் ஏற, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மழுங்கல் கத்தியால் சர்க் சர்க்கென்று சுரண்டினார். நரைமயிர் ஈரத்தோடு அவர் கையில் ஒட்டியது.

துடைத்தபோதுதான் கவனித்தார். முன்கையில் ஒரு மயிர்கூட இல்லை. வழவழவென்று, பழுப்பாக.

சுண்ணாம்பின் வேலை. வேறென்ன.

தலையைச் சொறியப்போனார். தலையிலும் இல்லை.

கத்தி நின்றது. தோலின் மேல்மூலையில் வட்டமாக ஒரு தழும்பு. சின்ன வயதில் அவருடைய இடது தோளில் போட்ட அம்மை ஊசித் தழும்பு. சட்டையை இறக்கித் தோளைத் தடவினார்.

வழவழப்பு.

தோலைத் தொட்டார். வெதுவெதுப்பு. உள்ளங்கைக்கு அடியில் மெல்ல உப்பியது. அமுங்கியது. உப்பியது.

"ஏங்க, தம்பி வந்துட்டான்."

வாயைத் திறந்தார். உதடு மடியவில்லை. காய்ந்த செருப்புபோல் விறைத்திருந்தது.

"இதோ வரேன்."

அவருடைய குரல்தான். சட்டத்திலிருந்து வந்தது.

ஒரு கயிறு அறுந்தது. இன்னொன்று. எல்லாம். தரையில் ஈரக் கால் பட்டது. ஆணியிலிருந்த அவர் துண்டை ஒரு கை எடுத்தது. கதவு திறந்தது. அவர் சுவரில் சாய்ந்தார். சரியவில்லை. மடங்க முடியவில்லை.

கூடத்தில் சிரிப்பு. பிறகு குளியலறை வாசலில் மைத்துனன், மூக்கைச் சுளித்தபடி. நேராக அவரிடம் வந்தான். கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். மோந்தும் பார்த்தான்.

"பரவாயில்லையே அத்தான்," என்றான், கூடத்தைத் திரும்பிப் பார்த்து. "பொட்டு மயிர் இல்ல. கடையில வாங்கினது தோத்துது போங்க. தோத்துட்டேன்னு ஒத்துக்கறேன்."

இதற்காகத்தானே இத்தனை நாள்.

"எல்லாம் பொறுமைதாம்ப்பா," என்றது கூடத்துக் குரல். "நம்ம முன்னோர்கள்... சரி, அதை எடுத்துட்டு வா. கொஞ்சம் விறைப்பா இருக்கும். ஆள் உட்கார உட்கார இளகிடும்."

மைத்துனன் அவரைத் தோள்பக்கம் இரண்டாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். தலைகீழாக ஆடிய கூடத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் நரைமயிரோடு ஒருவர் நின்றிருந்தார்.

நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.